உன் கில்ற்றைத் தோய்த்து வைத்திருக்கிறேன்

அண்ணா, இந்தக் கடிதத்தை எழுதுவது நான், சொல்வது அம்மா. அப்பாவைக் கட்டிலில் நிமிர்த்தி இருத்தும்போது அம்மாவின் வலது மணிக்கட்டு சுளுக்கிவிட்டது. பேனை பிடிக்க முடியாது. அவர் சொல்வது முழுவதையும் உண்மையாகப் பதிவுசெய்வேன், கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன், "இதை எழுதாதை" என்று சொன்னால் அதையும் சேர்த்து எழுதுவேன் என்று தொடங்க முன்னரே சொல்லிவிட்டேன். "எழுது, எழுது. அவனுக்கு எல்லாம் தெரியட்டும்" என்றார் அம்மா. அவர் பேச்சில் சொல்வதை, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்தபடி எழுத்துத் தமிழாக்குவது மட்டும் என் வேலை. ஆட்கள் கதைத்ததைக் கதைத்தபடியே விடுகிறேன். ஆங்கிலத்தில் எழுதட்டுமா, அண்ணா தமிழை மெல்ல மெல்லத்தானே வாசிப்பார் என்று கேட்டேன். "மெல்ல வாசிக்கட்டும். போனில ரெக்ஸ்ற் எண்டால் ஒரு பெருவிரலை அனுப்பிப்போட்டு இருந்திடுவான்" என்றார். இனி வருவது அம்மா.

மகனுக்கு,

உன் கில்ற்றைத் தோய்த்துவிட்டேன். ஒக்ரோபர் மாதம் பக்கக் கதவடியில் கறுப்புப் பையில் கட்டி வைத்துவிட்டு, பான்டை விட்டுவிட்டேன், இதைப் பான்டின் மொய்ராவிடம் கொடுத்துவிடுங்கள் என்று தங்கச்சிக்குச் செய்தி அனுப்பினாயே, அதே கில்ற், பைப் ஊதும்போது நீ உடுக்கிற அந்தக் கட்டம் போட்ட மடிப்புப் பாவாடை. பின்பக்கம் முழுவதும் மயானத்துச் சேறு. அப்படியே கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தோய்க்கவும் மனம் வரவில்லை. கராஜில் கொழுவி வைத்தேன். பனி விழத் தொடங்கிய பிறகும் அது அங்கேயே தொங்கியது. கார் எடுக்கப் போகும்போதெல்லாம் யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது போல இருக்கும். இந்தக் கிழமைதான் உள்ளே எடுத்தேன். வீட்டுக்கு வருகிற நேர்ஸ் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, தூரத்தில் பிள்ளைகள் யாராவது இருந்தால் வரச்சொல்லுங்கள் என்றார். தூரத்தில் ஒருவரும் இல்லை, ஒருவன் காரில் அரை மணித்தியாலத்தில், அஜக்ஸில் இருக்கிறான் என்றேன். அவர் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். ஆகவே உனக்கு இரண்டு விஷயம் சொல்லவேண்டும். இந்தக் கில்ற்றை வீட்டில் எப்படித் தோய்ப்பது, எப்படி வைத்திருப்பது என்பது ஒன்று. இந்தக் கையை வைத்துக்கொண்டு இனி என்னால் அதைச் செய்ய முடியாது. மற்றது, அப்பா கண்ணைத் திறந்து ஆளை அடையாளம் காண்கிற நாட்கள் மிச்சம் இருக்கும்போதே நீ வீட்டுக்குள் வரவேண்டும்.

கில்ற் முதன்முதல் இந்த வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். உனக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் சேர்ந்தான் என்று நீயும் அந்தத் தோல்பை வைத்து ஊதுகிற பைப் பான்டில் சேர்ந்தாய். அறைக்குள் போய் அதை உடுத்துக்கொண்டு வந்து, இரண்டு முழங்காலும் தெரிய, சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாய். அப்பா வேலையால் வந்து இடுப்பில் சாரம் கட்டியபடி சோபாவில் இருந்தார். "பெடியள் சிரிப்பாங்களோ அப்பா?" என்று கேட்டாய். "ஏன்ரா சிரிக்கிறது? நான் உடுத்திருக்கிறது என்ன? என்ரை சாரத்துக்கு மடிப்பில்லை, உன்ரை சாரத்துக்கு மடிப்பிருக்கு. உனக்கு பெல்ற்றும் தந்திருக்கிறாங்கள். எனக்கு அதுவும் இல்லை, அவிண்டால் அவிண்டதுதான்" என்றார். நீ சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாய். நான் மடிப்புக் கசங்கும், எழும்பு என்று கத்தினேன். நீ ஊதப் பழகிய காலத்தில், "எங்கடை வீட்டில நாதஸ்வரத்துக்கு ஆஸ்மா வந்திட்டுது" என்று ரெலிபோன் எடுக்கிற எல்லோருக்கும் அப்பா சொல்வார். ஆனால் நீ ஊதத் தொடங்கினால் ரீவியின் சத்தத்தைக் குறைத்துவிடுவார். அதை நீ கவனித்தாயோ தெரியாது, நான் கவனித்தேன்.

நீ வளர்ந்து நன்றாக ஊதத் தொடங்கிய பிறகு செத்தவீடுகளுக்குக் கூப்பிட்டார்கள். முதல் செத்தவீடு யாரோ ஒரு வயதான வெள்ளைக்காரருடையது, பழைய படைவீரர் என்றாய். நல்ல மழை. நனைந்த உடுப்போடு நேரே முன்கதவால் வீட்டுக்குள் வந்தாய். செத்தவீட்டுக்குப் போன உடுப்போடு யாராவது வீட்டுக்குள் வருவார்களா? அங்கேயே கழற்று, தலை முழுகு என்று உன்னைக் குளியலறைக்குள் தள்ளிவிட்டு, சேர்ட், சொக்ஸ், கில்ற் எல்லாவற்றையும் ஒன்றாய்த் தொட்டிக்குள் போட்டு, கைபொறுக்கிற அளவுக்குச் சுடுதண்ணீரைத் திறந்து, சவர்க்காரத் தூளையும் கொட்டினேன். செத்தவீட்டு உடுப்பை அப்படித்தான் தோய்ப்பது. சுடுதண்ணீரில் போட்டால்தான் எனக்கு நிம்மதி. கொஞ்ச நேரத்தில் வந்து பார்த்தால், தொட்டி முழுக்கப் பச்சைத் தண்ணீர். அதற்குள் எட்டு யார் நீளக் கம்பளி மடிப்பெல்லாம் விரிந்து, செத்த மாடு போல ஊதிக்கிடந்தது. தூக்க முடியவில்லை. அப்பாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். "உதென்னப்பா, ஆளையே தோய்க்கிறீரோ?" என்று கேட்டார்.

எனக்கு மடிப்பைப் பற்றி ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை என்று அப்போது நினைத்திருந்தேன். இந்தப் பக்கத்து மில்லிக்கனிலும் மார்க்கத்திலும் எத்தனை கலியாணப் பொம்பிளைகளுக்குக் கூறைச்சேலைக் கொய்யக மடிப்பை முதல்நாளே அயன் பண்ணி, கிளிப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதே போலக் கில்ற்றையும் காயவைத்து, மேசையில் விரித்து, விரலால் அளந்து அளந்து ஒரே அகலத்தில் மடிப்பு எடுத்து அழுத்தினேன். சேலை என்றால் பார்த்தவர்கள் கும்பிட்டிருப்பார்கள். நீ அதை உடுத்துக்கொண்டு பயிற்சிக்குப் போனாய். திரும்பி வரும்போது மொய்ராவும் உன்னோடு வந்தார். பான்டின் உடுப்புகள் எல்லாம் அவர் பொறுப்பு. என்னைவிட மெலிந்த மனுசி, கையில் ஊசிப்பெட்டி. உன்னை வீட்டு ஹோலின் நடுவில் திருப்பி நிறுத்தி, உன் முதுகுப்பக்கத்தை எனக்குக் காட்டினார். மற்றப் பிள்ளைகளின் கில்ற்றில், ஒவ்வொரு மடிப்பிலும் அதே கோடு அதே இடத்தில் வந்து, மடித்த துணி என்றே தெரியாமல் கட்டம் தொடர்ந்து ஓடும். உன்னுடையதில் மேலே தைத்திருந்த பகுதி ஒரு வழி, நான் அழுத்திய பகுதி வேறு வழி. பச்சைக் கோடு இடுப்புக்குக் கீழே வந்து உடைந்து, படிக்கட்டில் விழுந்தவன் போல எங்கெங்கோ போனது. கில்ற்றின் மடிப்பை அகலத்தைப் பார்த்து எடுக்கக்கூடாது, கோட்டைப் பார்த்து எடுக்கவேண்டும். நான் அகலத்தைப் பார்த்தேன்.

எதற்காகத் தோய்த்தீர்கள் என்று மொய்ரா கேட்டார். அப்பா தன் ஆங்கிலத்தில், செத்தவீட்டுக்குப் போய் வந்தால் எங்களுக்குத் தோய்த்தாக வேண்டும் என்று விளங்கப்படுத்தினார். மொய்ரா கொஞ்சம் யோசித்தார். அப்படியானால் நீங்கள் நிறையத் தோய்க்கவேண்டி வரும், கிழமை நாட்களில் செத்தவீடுகளுக்குப் போக நேரம் இருக்கிற ஆள் உங்கள் மகன் மட்டும்தான் என்றார். அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்று பின்னேரம் முழுவதும் மொய்ராவும் நானும் ஹோலில் கில்ற்றை விரித்துவைத்துக்கொண்டு இருந்தோம். ஒவ்வொரு மடிப்பையும் கோட்டோடு கோடு பொருத்தி, அசையாமல் இருக்க வெள்ளை நூலால் நீள நீளமாக நூலோட்டம் போட்டார். அதற்குப் பிறகுதான் அழுத்தவேண்டும் என்றார். தோய்ப்பதென்றாலும் முதலில் இந்த நூலோட்டம், பிறகுதான் தண்ணீர். எனக்கு அவருடைய ஆங்கிலம் பாதிதான் விளங்கியது. கையைப் பார்த்து விளங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு உனக்கும் எனக்கும் ஓர் ஒழுங்கு வந்தது. செத்தவீட்டுக்குப் போய் வந்தால் முன்கதவால் வரக்கூடாது, கராஜுக்குள் போகவேண்டும். அங்கே கில்ற்றைக் கழற்றி, இடுப்புப் பட்டியில் கிளிப் போட்டுக் கொழுவி, சாரத்தை மாற்றிக்கொண்டு நேரே குளியலறைக்குப் போகவேண்டும். கில்ற் கராஜிலேயே காற்றோட்டமாகத் தொங்கும். சேறு பட்டிருந்தால் காயவிட்டுத் தும்புப் பிரஷ்ஷால் தட்டுவேன், ஈரத்தில் தேய்க்க மாட்டேன். தேய்த்தால் சேறு கம்பளிக்குள் இறங்கிவிடும். மாரியில் பனி உருக றோட்டில் கொட்டுகிற உப்பு தெறித்து விளிம்பில் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருந்தால், தண்ணீரில் கொஞ்சம் வினாகிரி விட்டு, துணியை அதில் தோய்த்துப் பிழிந்து ஒற்றி எடுப்பேன். முழுத் தோய்ப்பு எப்போதாவதுதான். இந்த ஒழுங்கை நான் பிழை என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். வீட்டில் ஒரு சின்னப் பிள்ளை இருந்தாள், சாமிப்படம் இருந்தது. ஆனால் அப்பா என்ன செய்தார்? நீ கராஜுக்குள் வந்த சத்தம் கேட்டவுடன் ஒரு கையில் தேத்தண்ணியும் மற்றக் கையில் சாரமுமாக அங்கே வந்துவிடுவார். "கிட்டப் போகாதைங்கோ, பிறகு நீங்களும் முழுகவேணும்" என்று நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சத்தம் போடுவேன். "முழுகினால் போச்சு" என்பார். பனிக்கு மாற்றுகிற கார் ரயர் அடுக்கில் ஏறி இருந்துகொண்டு, ஆர் செத்தது, எத்தினை பேர் வந்தது, அழுதவையோ, நீ எந்தப் பாட்டு ஊதினாய் என்று ஒவ்வொன்றாய்க் கேட்பார். நீ பல்லுக் கிடுகிடுக்கச் சொல்வாய். தெரியாத மனிதர்களின் சாவெல்லாம் அந்தக் கராஜுக்குள் இருந்துதான் உங்கள் இருவருக்கும் கதையானது. எனக்கு அது பிடிக்காது. ஆனால் உங்கள் இருவரையும் அவ்வளவு நெருக்கமாக நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை.

இனி புரட்டாதியில் நடந்ததற்கு வருகிறேன். இனி மருந்து ஒன்றும் இல்லை, நோவு தெரியாமல் வைத்திருப்போம் என்று வைத்தியர் சொல்லி, ஹோலுக்குள் ஆஸ்பத்திரிக் கட்டில் வந்தது. நீ ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தாய். அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டாய், கால் பிடித்துவிட்டாய். ஒருநாள் அப்பா, ஏதோ கடைக்குப் போய்ப் பாண் வாங்கிவா என்பது போலச் சொன்னார்: "தம்பி, எனக்கு நீதான் ஊதவேணும். அந்த உடுப்போட வந்து ஊது. வாற சனம் கொஞ்ச நேரமாவது ரெலிபோனைப் பாக்காமல் நிக்கும்." நீ தேத்தண்ணிக் கோப்பையை வைத்தாய். "ஸ்ரொப் இற், அப்பா" என்றாய். அவர் "ஏன்ரா, ஊரிலை உள்ளவைக்கெல்லாம் ஊதுறாய்" என்று பகிடியாகத்தான் சொன்னார். நீ எழும்பிப் போய் சப்பாத்தைப் போட்டாய். நாடாவைக் கட்டாமலே படியிறங்கிப் போனாய். அதோடு சரி. பிறகு கறுப்புப் பை வந்தது.

நீ வராமல் இருக்கிறாய் என்று சொல்ல முடியாது. அதுதான் என்னை வதைக்கிறது. ஒவ்வொரு கிழமையும் வருகிறாய். அப்பா குடிக்கிற சத்துப்பால் பெட்டி, டயப்பர், இளநீர் எல்லாம் பக்கக் கதவடியில் இருக்கும். சமையலறை யன்னல் திரைக்குப் பின்னால் நின்று உன் காரைப் பார்க்கிறேன். பெட்டிகளைச் சத்தம் வராமல் வைக்கிறாய். கொஞ்ச நேரம் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய். பிறகு போய்விடுகிறாய். ஒருநாள் கதவைத் திறக்கலாம் என்று பிடியில் கை வைத்தேன். திறந்தால் அடுத்த கிழமை அதுவும் வராதோ என்று பயந்து விட்டுவிட்டேன்.

(அண்ணா, இது நான். இந்த இடத்தில் அம்மா, "தெரியாத ஆக்களின்ரை பெட்டிக்குப் பக்கத்தில நிண்டு மூச்சு விடாமல் ஊதுவான். சொந்தத் தேப்பனுக்குப் பக்கத்தில கதிரையைப் போட்டு இருக்கப் பயம். கோழை" என்றார். உடனே "அதை எழுதாதை" என்றார். நான் எழுதிவிட்டேன் என்றேன். "வெட்டு" என்றார். தொடக்கத்தில் சொன்னபடி ஒன்றையும் குறைக்கமாட்டேன் என்றேன். அம்மா என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, "சரி, இருக்கட்டும். ஆனால் நானும் யன்னலுக்குப் பின்னாலதான் நிக்கிறன் எண்டதையும் பக்கத்தில எழுதிவிடு" என்றார்.)

மகனே, செத்தவீட்டால் வந்தவனை வெளியே நிறுத்தியது நான்தான். அது செத்தவீட்டுக்குப் போனவனுக்கு உள்ள முறை. இந்த வீட்டில் இன்னும் ஒருவரும் சாகவில்லை. நீ ஒரு செத்தவீட்டுக்கும் போகாமலே வெளியில் நிற்கிறாய். உள்ளே ஒரு மனிதர் சத்துப்பால் குடித்துக்கொண்டு, ஹொக்கி ஆட்டத்தில் யார் வென்றது என்று கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். அவருக்காக இப்போதே முழுகத் தேவையில்லை.

அவர் கேட்டதற்குப் பயந்துதான் நீ வரவில்லை என்றால், அந்தப் பயத்தை நான் தீர்த்துவைக்கிறேன். அன்றைக்கு உன்னால் ஊத முடியாது. நீ ஊதமாட்டேன் என்று சொல்லத் தேவையே இல்லை, நான் விடமாட்டேன். நீ மூத்த பிள்ளை, கொள்ளிக்கு உரியவன். அன்றைக்கு உன் தோளில் சால்வை இருக்கும், இடுப்பில் வேட்டி இருக்கும், ஐயர் உன் கையில் ஒன்று மாறி ஒன்று தந்துகொண்டே இருப்பார். தர்ப்பை போட்ட விரலோடு யாராவது பைப் ஊதுவார்களா? இதை நான் போன கிழமை அப்பாவிடம் நேரே சொன்னேன். "இஞ்சாருங்கோ, கொள்ளி வைக்கிறவன் கில்ற்றோட நிக்கேலாது. அவனைப் போட்டு வதைக்காதைங்கோ" என்றேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். "ஓம், அதுவும் சரிதான். நான் அதை யோசிக்கேல்லை" என்றார். எனக்கு ஒரு பாரம் இறங்கினது போல இருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்து, "அப்ப முன்னமே வந்து ஊதச்சொல்லும். அண்டைக்கு எனக்குக் கேக்கவும் மாட்டுது" என்றார். "எங்கை ஊதிறது, இந்த ஹோலுக்குள்ளையோ?" என்று கேட்டேன். "ஐயோ, இதுக்குள்ள ஊதினால் நான் அண்டைக்கே போயிடுவன். வெளியில காருக்குப் பக்கத்தில நிண்டு ஊதட்டும். யன்னலைக் கொஞ்சம் திறந்துவிடும்" என்றார். சிரித்தார், சிரிப்பு இருமலாகி, மூச்செடுக்கப் பட்ட பாட்டை இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவதில்லை.

அதனால்தான் கில்ற்றை எடுத்தேன். இதைக் கவனமாக வாசி, நாளைக்கு நீ தனியே செய்யவேண்டியது. உன் வீட்டு பேஸ்மென்றில் உள்ள தோய்க்கிற மெஷினுக்குள் எந்தக் காரணத்துக்காகவும் போடாதே. தங்கச்சியின் பள்ளிக்கூடத்துக் கில்ற் பொலியெஸ்ரர், அவள் அதை மெஷினுக்குள் எறிவாள். உன்னுடையது கம்பளி, அது எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொள்கிற துணி. முதலில் முன்பக்கம் குத்துகிற பெரிய ஊசியைக் கழற்று, இல்லாவிட்டால் துரு பிடிக்கும். காய்ந்த சேற்றை மடிப்பின் வழியே, மேலிருந்து கீழே, பிரஷ்ஷால் தட்டு. பிறகு நூலோட்டம். என் கை இப்படி இருப்பதால் நான் கோட்டோடு கோடு பொருத்திப் பிடிக்க, தங்கச்சி ஊசியைக் குத்தினாள். ஒவ்வொரு மடிப்புக்கும் இரண்டு வரிசை, விளிம்புக்குக் கிட்ட ஒன்று, நடுவில் ஒன்று. வெள்ளை நூல்தான் நல்லது, பிறகு உருவும்போது கண்ணுக்குத் தெரியும். குளியல் தொட்டியில் தண்ணீர் விடு, உன் கையை விட்டால் குளிரும் தெரியக்கூடாது, சூடும் தெரியக்கூடாது. கம்பளிக்கு என்று விற்கிற சவர்க்காரத் தண்ணீரில் ஒரு மூடி. கில்ற்றை நீளமாக உள்ளே கிடத்தி, உள்ளங்கையால் மெல்ல அழுத்தி அழுத்தி விடு. கசக்காதே, முறுக்காதே, தூக்கித் தூக்கி அடிக்காதே. நுரை போகும்வரை புதுத் தண்ணீர் விட்டு அழுத்து. தோல்பட்டிகளைத் தொட்டி விளிம்பில் வெளியே போட்டுவை, ஊறினால் விறைத்துப்போகும்.

தண்ணீர் வடிந்த பிறகும் அதைத் தூக்குவது லேசில்லை. போனமுறை அப்பா ஒரு பக்கம் பிடித்தார். இந்தமுறை தங்கச்சி ஒரு பக்கம், நான் இடதுகையால் மறுபக்கம். தொட்டிக்குள்ளேயே சுருட்டி, துவாய்களில் வைத்து, அதன்மேல் ஏறி நின்று மிதித்துத் தண்ணீரை எடுத்தோம். பிறகு எங்கே காயப்போடுவது? கம்பளியை ஹீற்றருக்கு மேலே போடக்கூடாது, டிரையருக்குள் போடவே கூடாது. பரந்த இடத்தில் படுக்கவைத்து, தானாகக் காயவிடவேண்டும். அப்படிப்பட்ட இடம் இந்த வீட்டில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்து நிலம் மட்டும்தான். பழைய துவாய்களைப் பரப்பி அதில் கிடத்தினோம். ஹோல் முழுக்க நனைந்த செம்மறி மணம். அப்பா தலையைத் திருப்பிக் கண்ணை இடுக்கிப் பார்த்தார். "ஆர் உது கீழை படுத்திருக்கிறது?" என்று கேட்டார். உங்கடை மகன்ரை கில்ற் என்றேன். "அவனை அனுப்பாமல் கில்ற்றை மாத்திரம் அனுப்பிப்போட்டான்" என்றார். நாங்கள் மூவரும் சிரித்தோம். அன்று இரவுச் சாப்பாட்டைக் கட்டிலடியிலேயே வைத்துச் சாப்பிட்டோம், கில்ற்றில் கறி சிந்தாமல்.

இப்போது காய்ந்துவிட்டது. மற்ற நேரமென்றால் நான் உட்பக்கத்தில் ஈரத்துணி போட்டு, அயனை இழுக்காமல் வைத்து வைத்து எடுத்து, ஆவி அடங்கிய பிறகு நூலை உருவி, கொழுவியில் போட்டிருப்பேன். இம்முறை அயன் பண்ணும் வேலையை மட்டும் முடித்திருக்கிறேன். நூலை உருவவில்லை. கை நோகிறது என்பது பாதிதான் காரணம். அந்த நூலோடு அதை உடுக்க முடியாது, உருவ ஓர் ஆள் இருந்து ஒரு மணித்தியாலம் செய்யவேண்டும். அந்த வேலையை அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து செய். கைக்கு ஒரு வேலை இருந்தால் உனக்கு அவருடைய முகத்தை ஒரேயடியாகப் பார்த்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. கராஜிலும் நீ சப்பாத்தைத் துடைத்துக்கொண்டுதான் அவரோடு கதைப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

வந்து ஊதுவதும் ஊதாமல் விடுவதும் உன் விருப்பம். உன் மூச்சு அன்றைக்கு வருமோ வராதோ, அதை நான் கேட்கமாட்டேன். பான்டுக்குத் திரும்பப் போவதும் விடுவதும் உன் விருப்பம். மொய்ராவோடு கதைத்தேன், கில்ற்றுக்கு அவசரமில்லை என்றார், உன்னைப் பற்றிக் கேட்டார். நீ அழுதால் அப்பா பயந்துவிடுவார் என்று நினைக்கிறாயோ தெரியாது. அவர் பயப்படமாட்டார். இந்த வீட்டில் எல்லோரும் அழாமல் அழாமல் இருந்து அவருக்கே சலித்துவிட்டது. "ஏதோ நான் மட்டும்தான் போகப்போறன் எண்டமாதிரி எல்லாரும் முகத்தைச் சிரிச்சபடி வைச்சிருக்கிறியள்" என்று நேற்று நேர்ஸிடம் சொன்னார், தமிழில்தான். தமிழ் விளங்காத அவர் நல்லது என்று தலையாட்டினார்.

நீ வந்து, அவர் கேட்டது கிடைத்து, பிறகு எல்லாம் நல்லபடி நடக்கும் என்று நான் உனக்கு எழுதித் தரமாட்டேன். நீ வந்தாலும் அவர் போகத்தான் போகிறார். நீ வராவிட்டாலும் போவார். அதற்குப் பிறகு, செத்தவீட்டுக்குப் போன கில்ற்றை எப்படித் தோய்ப்பது என்று உனக்குத் தெரியும், மேலே எழுதியிருக்கிறேன். இந்தக் கதவடியில் நின்றுவிட்டுப் போன நாட்களை எப்படித் தோய்ப்பது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் சொல்லியிருப்பேன். முன்கதவால் வா. சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே ஹோலுக்குள் வா.

அண்ணா, இது நான். "அன்புடன் அம்மா என்று முடிக்கட்டுமா?" என்று கேட்டேன். அம்மா எழுந்து அப்பாவிடம் போனார். பின்னேரம்தான், ஆனால் வெளியே நன்றாக இருட்டிவிட்டது. பனி கொட்டுகிறது. அப்பா கண்ணைத் திறக்காமலே, "அவன் வாறானோ?" என்று கேட்டார். அம்மா போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, "ஓம், வாறான்" என்றார். "எப்ப?" என்றார் அப்பா. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். என் கையில் பேனை இருந்தது. "வந்துகொண்டு இருக்கிறான்" என்றார். "அப்ப உந்த வெளிச்சத்தை நிப்பாட்டும். அவன் வரேக்கை முழிச்சிருக்கவேணும், இப்ப கொஞ்சம் படுக்கிறன்" என்றார் அப்பா. அம்மா சுவரடிக்குப் போய், ஹோல் லைற்றுகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டார்.